ஒரு விரலில் திறக்கும் குறடு

குறடு வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். மூக்கு நீளமாக இருந்தால் மீனின் தொண்டையில் மாட்டிய தூண்டில் முள்ளைக் கழற்ற வசதி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் பார்க்க வேண்டியது அதன் மூட்டு. இரண்டு கைகளும் சேரும் இடத்தில் ஓர் ஆணி இருக்கும். உப்பு முதலில் குடிபோகிற இடம் அதுதான். கடையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு விரலால் குறட்டைத் திறந்து பார்க்க வேண்டும். விரல் சொல்வதைக் கேட்டால் போதும். கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

ஆய்வாளர் அவர்களே, நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது நீங்கள், "விஷயத்துக்கு வாங்க சார்" என்றீர்கள். பிறகு தாளும் பேனாவும் கொடுத்து, "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, எனக்குக் கை வலிக்குது" என்றீர்கள். நன்றி. விஷயம் இதுதான்.

என் தங்கையின் கணவர் பழைய படகுத்துறையில் நீரில் மூழ்கி இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாக இருக்கிறது. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். தவறான வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் போய்விட எனக்கு வராது. அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் ஒன்றைத் தொட்டால் அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அசையும் என்பது என் தொழிலில் தெரிந்த சங்கதி. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியவர் அல்ல. வீட்டில் அவருக்குப் 'பரவாயில்லை' என்று பெயர். குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பரவாயில்லை. தங்கைக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவளும் சிரிக்கப் பழகிக்கொண்டாள். அவருக்கு மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை. அவர் கைபட்ட கட்டடங்களில் நான் படியேறித்தான் போவேன்.

என் முதல் குறட்டை வாங்கியது என் மனைவி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட ஆரம்பித்த புதிதில், முள்ளைக் கையால் பிடுங்கி விரலைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அவள்தான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் விரலால் பார்க்கவில்லை, காதால் பார்த்தாள். ஒவ்வொரு குறட்டையும் காதோரம் வைத்துத் திறந்து மூடி, "இது முனகுது, இது வேணாம்" என்று தள்ளிவிட்டாள். கடைசியில் சத்தமே போடாத ஒன்றை எடுத்தாள். ஈரக் கையில் வழுக்கக் கூடாது என்று கைப்பிடி இரண்டிலும் சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றினாள்.

துறையிலிருந்து வந்ததும் நாங்கள் இருவரும் அதைத் துடைப்போம். நல்ல தண்ணீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே திறந்து திறந்து மூட வேண்டும். மூட்டுக்குள் இருக்கும் உப்பு அப்போதுதான் கரையும். அதன் பிறகு உதறி, பழைய தலையணை உறையைக் கிழித்த துணியால் ஒற்றி எடுத்து, வாயைத் திறந்தபடி நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மேலே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். காய்ந்ததும் ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். ஒரு சொட்டுதான். எண்ணெய் தங்கையிடமிருந்து வரும். அவள் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவள். துடைப்பது மனைவியின் வேலை, எண்ணெய் விடுவது என் வேலை. அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகு தட்டைத் தூக்கக்கூட அந்தக் கைகளுக்குத் தெம்பில்லை. ஆனால் குறட்டை மடியில் வைத்துக்கொண்டு துடைக்க முடிந்தது. கடைசி வாரம்வரை துடைத்தாள்.

நீங்கள் எழுதச் சொன்னதால்தான் இதையும் எழுதினேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

அவள் போன பிறகு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் ஒருநாள் மாப்பிள்ளை சுவர் ஆணியில் தொங்கிய குறட்டை எடுத்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டேன் மச்சான், பரவாயில்லல்ல?" என்றார். நான் தலையசைத்தேன். அப்போது யார் எது கேட்டாலும் தலையசைத்துக்கொண்டிருந்தேன். பாயைச் சுருட்டட்டுமா என்று கேட்டாலும் சரி, அவளுடைய துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாலும் சரி.

ஒரு மழைக்காலம் போன பிறகு மறுபடி தூண்டிலை எடுக்கலாம் என்று தோன்றியது. குறட்டைக் கேட்டேன். அவர் வீட்டுப் பின்பக்கம், மீனுக்குப் போடும் இரை வைக்கிற வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். வாளியில் பழைய உப்புத் தண்ணீரும் அழுகிய இறால் ஓடுகளும் கிடந்தன.

"இதத்தானே தேடிட்டு இருந்தீங்க? அட, இங்கயே கெடந்திருக்கு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். "தொறக்கல, மாப்பிள்ள."

"தொறக்கும். ரொம்ப நாள் கழிச்சு உங்களப் பாக்குதுல்ல, வெக்கப்படுது." இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகம் சிவந்ததே தவிர அது அசையவில்லை. "பரவாயில்ல மச்சான். இரும்புன்னா துருப்பிடிக்கத்தான் செய்யும். மனுஷனுக்கே நரைக்குது. குடுங்க, நானே சரிபண்ணித் தர்றேன்."

சிவப்பு நூல் கறுத்திருந்தது. கொடுத்துவிட்டேன். அவர் அதைத் தம்முடைய தூண்டில் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் அது சுத்தியலாக இருந்தது. எதையாவது தட்டவேண்டும் என்றால் அதை எடுப்பார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வராது என்பதை அச்சகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

புதுக் குறடு வாங்கப் போனபோது அவரும் கூட வந்தார். தூண்டில் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். கல்லா மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடிச் சாடி வைத்திருப்பார். உள்ளே உப்புத் தண்ணீர். தான் விற்கும் குறடு வகை ஒவ்வொன்றிலும் ஒன்றை அதற்குள் போட்டு வைத்திருப்பார்.

"என்னண்ணே, ஊறுகாயா?" என்றார் மாப்பிள்ளை.

"ஊறுகாய்தான். எது கெட்டுப்போகும், எது போகாதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியணும்ல." கடைக்காரர் ஓர் இடுக்கியால் துழாவி, பழுப்பேறிக் கிடந்தவற்றை ஒதுக்கிவிட்டு, பளபளப்பாக இருந்த ஒன்றை வெளியே எடுத்தார். "சார், இது மழைக்கு முன்னாடி போட்டது. கழுவல, துடைக்கல. தொட்டுப் பாருங்க."

கண்ணை மூடி ஒரு விரலால் திறந்தேன். திறந்தது. காதில் வைத்தும் பார்த்தேன். முனகவில்லை.

அதே வகையில், பெட்டி பிரிக்காத, உப்பையே பார்க்காத ஒன்றை வாங்கினேன்.

"அப்ப மச்சானுக்கு இனிமே வேலையே இல்ல. எண்ணெ கிண்ணெ எதுவும் வேணாம்" என்றார் மாப்பிள்ளை.

"வேணும்."

"துருவே பிடிக்காததுக்கா?"

"அதுக்குத்தான் நல்லாப் பாத்துக்கணும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சார மாதிரி பத்துப் பேர் இருந்தா நான் கடைய மூடிட வேண்டியதுதான்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் அதிகம் இல்லை. இதை நான் மறக்கவில்லை. உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதாதா மச்சான்?" என்றார்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

வேலைநாள். துறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எங்கேயோ ஒரு மின்தூக்கி நடுவழியில் நின்றுபோய் அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. பரவாயில்லை என்று கைபேசியை அணைத்துக் காருக்குள் போட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் எனக்கு ஒரு மீன் கிடைத்தது. தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் நான் நிறுத்திவிடுவேன்; அது என் பழக்கம். கொண்டுபோயிருந்த நல்ல தண்ணீரில் குறட்டைக் கழுவினேன். துடைத்தேன். நிழலில் வைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்து, உறைக்குள் போட்டு, உறையை இடுப்பு வாரில் மாட்டினேன். அந்த நாளின் வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதி வருமே, அது வந்தது.

அப்போதுதான் அவருடைய முள், துறையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்றில் போய் மாட்டிக்கொண்டது.

"விட்டுடுங்க மாப்பிள்ள. போனாப் போகுது."

"புது முள்ளு மச்சான். பரவாயில்ல, எறங்கி எடுத்துடறேன்."

இரும்பு ஏணி வழியாக இறங்கி, தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் நின்றார். அவருடைய தூண்டில் நரம்பு பின்னல் நரம்பு. மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியது. பல்லால் கடித்தாலும் அறாது; குறட்டின் வாயடியில் இருக்கும் வெட்டும் அலகுதான் வேண்டும். அதைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். நரம்பைக் கையில் சுற்றக் கூடாது என்பது தூண்டில் பிடிக்கிற யாருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அவருக்கு நானே சொல்லியிருக்கிறேன். சட்டத்தில் பாசி பிடித்திருந்தது. கால் வழுக்கி உள்ளே போனார்.

கால் ஊன்ற இடம் கிடைத்ததால் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார். ஆனால் நரம்பின் ஒரு முனை தண்ணீருக்கு அடியில் தூணின் மரையாணியில் சிக்கியிருந்தது. மறுமுனை அவருடைய வலது மணிக்கட்டை இறுக்கித் தண்ணீருக்குள் இழுத்துப் பிடித்திருந்தது. இழுக்க இழுக்கச் சதைக்குள் போனது. அவர் முதலில் சிரித்தார்.

"மாட்டிக்கிட்டேன் மச்சான். அந்தப் பிளேயரக் கொஞ்சம் குடுங்க."

"இப்பதான் துடைச்சேன் மாப்பிள்ள."

அதற்கும் சிரித்தார். நான் நகைச்சுவையாகப் பேசுகிறவன் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"துடைச்சா என்ன, மறுபடி துடைச்சிக்கலாம். குடுங்க, நானே துடைச்சித் தர்றேன்."

இதே மாதிரி ஒரு வாக்கை அவர் வாயால் நான் முன்பே கேட்டிருக்கிறேன். உங்கள் பெட்டியில் ஒன்று இருக்குமே, எடுத்து வருகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, பெட்டி இருந்த காருக்குப் போனேன். ஓடவில்லை, துறையின் பலகைகள் இற்றுப்போனவை, ஓடினால் ஆபத்து. போகும்போதே உதவிக்கு அழைத்தேன். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். படகு மறுகரையிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் நேரமாகும், அவரைப் பதற்றப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று இருந்தது.

திரும்பி வந்தபோது தண்ணீர் அவருடைய தோளுக்கு வந்திருந்தது. பழைய குறட்டை நீட்டினேன். இடது கையால் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், இது தொறக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியும்."

நான் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கையை நீட்டி, அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தலையைத் தூக்கிக் கொடுத்தேன். குறட்டைத் தூணில் தட்டச் சொன்னேன். தட்டினார். மூக்கில் தட்டினார், மூட்டில் தட்டுங்கள் என்று திருத்தினேன். துருத்தூள் உதிர்ந்து தண்ணீர்மேல் மிதந்து போனது. நெடுநேரம் தட்டினார். அவர் ஒரு பொருளுக்காக அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. இதில் கால்வாசியை, வாளியிலிருந்து எடுத்த அன்றைக்கே பட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

"இடுப்புல இருக்கு மச்சான். எனக்குத் தெரியுது. கைய விட்டா எடுத்துடலாம்."

தெரிந்துதான் இருக்கும். குப்புறப் படுத்திருந்ததால் உறை என் இடுப்பெலும்பில் உறுத்திக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பதை நான் ஒரு நொடிகூட மறக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மறதியாலோ பதற்றத்தாலோ நடந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அந்த நரம்பை வெட்ட வேண்டுமென்றால் குறட்டைத் தண்ணீருக்குள், மூட்டு முங்கும்வரை விட வேண்டும். நல்ல தண்ணீர் முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. வீடு போய்ச் சேரும்வரை உப்பு உள்ளேயே இருக்கும். கடைக்காரரின் சாடி எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஒரு பொருள் தாங்கும் என்பதற்காக அதை எதற்கும் கொடுத்துவிடலாம் என்று ஆகாது. மாப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் செய்த தவறு அதுதான்.

"வெளையாடாதீங்க மச்சான். உங்க தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவருக்குப் பழக்கமான சொல்லாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"பரவாயில்ல மாப்பிள்ள" என்றேன்.

அவர் திரும்ப அதைச் சொல்லவில்லை. அன்று முழுவதிலும் அவர் அதைச் சொல்லாத ஒரே நேரம் அதுதான். காலரை நான் விடவில்லை. என் முகமே தண்ணீரைத் தொட்டது. படகு வந்தபோதும் என் விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். நான் அவரைக் காப்பாற்ற எவ்வளவு போராடியிருக்கிறேன் என்று படகுக்காரர்களே உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யல்ல.

மறுநாள் நீங்கள் தங்கை வீட்டுக்கு வந்தீர்கள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். இறந்தவரின் இடது கையிலிருந்து எடுத்த குறட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தூக்கிக் காட்டினீர்கள்.

"ஒரு நல்ல பிளேயர் இருந்திருந்தா மனுஷன் பொழச்சிருப்பார். இது யாரோடது?"

தங்கை தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு நூல் கறுத்திருந்தாலும் அதைச் சுற்றிய விதம் அவளுக்குத் தெரியும். "அண்ணனோடது சார்" என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து என்னால் தெருவில் நடக்க முடியவில்லை. தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நீங்களா சார் இப்படி விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் வெளியே வரும்போது அடுத்து நின்றவரிடம், "பாத்துப் பாத்து வச்சிக்கிறவர் வீட்லயே இப்படி ஆயிடுச்சு, அதனால சொல்றேன், துடைச்சி வைங்க" என்று சொல்வது காதில் விழுந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கை ஒருநாள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "அண்ணி போனதுலருந்து உங்களுக்கு எதுவும் ஓடல. அதான் அதக் கவனிக்காம விட்டுட்டீங்க. எனக்குத் தெரியும்ணா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் வேணும்னா துருப்பிடிக்க விடுவாங்க? பரவாயில்லண்ணா."

அவள் என்னை மன்னித்துவிட்டாள். நான் செய்யாத ஒன்றுக்காக. அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். உண்மை தெரிந்தால் அவள் மனசு ஆறும் என்று நம்புகிறேன். தன் அண்ணன் அப்படிப்பட்டவன் அல்ல என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பையில் இருக்கும் குறடு எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியில் சுற்றியிருக்கும் நூலை மட்டும் பிரித்துத் தர முடியுமானால் நல்லது. வழக்குக்கு நூல் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இழுத்துப் பிடுங்க வேண்டாம், நுனியைத் தேடி எடுத்தால் தானாக வரும்.

அறிக்கையில் திருத்த வேண்டிய இடம் இதுதான். 'இறந்தவருடைய மைத்துனரின் குறடு சரியாகப் பராமரிக்கப்படாமல் துருப்பிடித்திருந்ததே உயிரிழப்புக்குக் காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு இப்படி எழுதக் கேட்டுக்கொள்கிறேன்: மைத்துனரின் குறடு, சம்பவம் நடந்து முடியும்வரை அவருடைய இடுப்பிலேயே உறைக்குள் இருந்தது. ஒரு விரலில் திறந்தது. துடைத்து வைத்த பிறகு அதன்மேல் ஒரு துளி உப்புத் தண்ணீர்கூடப் படவில்லை.